டெலிபோனுக்கு 33 வருஷம் முன்பே ஃபேக்ஸ்: ஒரு கடிகாரத் தொழிலாளி கண்டுபிடித்தது எப்படி?

ஃபேக்ஸ் மெஷின் என்றதும் ஏதோ ஒரு அரசு அலுவலக மேஜை ஓரத்தில், போன் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டு இருந்த அந்தப் பழுப்பு நிறப் பெட்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். போன் லைனில் ஓடும் கருவி என்பதால் முதலில் போன் வந்தது, அப்புறம்தான் ஃபேக்ஸ் வந்தது என்று நினைத்துக்கொள்வோம். உண்மை தலைகீழ். அலெக்சாண்டர் கிரகாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கியது 1876 மார்ச் 7. ஃபேக்ஸின் அடிப்படை யோசனைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பதிவானது 1843 மே 27. இடையில் 33 வருஷம்.

அந்தக் காப்புரிமையை வாங்கியவர் பெயரும் அலெக்சாண்டர்தான். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அலெக்சாண்டர் பெய்ன். பல்கலைக்கழகம் போகாதவர், பணக்கார வீட்டுப் பிள்ளையும் இல்லை. கடிகாரம் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் அவர் கற்ற தொழில். (கூகுளில் தேடினால் இதே பெயரில் ஒரு தத்துவப் பேராசிரியரும் வருவார். அபர்டீன்காரர், 1818-ல் பிறந்தவர். இவர் வேறு, அவர் வேறு.)

ஒரு படத்தையோ எழுத்தையோ கம்பி வழியாக இன்னொரு ஊருக்கு அனுப்பும் யோசனை, டெலிகிராஃப் நிபுணர்கள் நிறைந்திருந்த லண்டனில், ஒரு கடிகாரத் தொழிலாளிக்கு ஏன் முதலில் தோன்றியது? அது தற்செயல் இல்லை. அந்தக் கருவிக்குள்ளே இருக்கும் நிஜமான சிக்கல் நேரம் பற்றியது.

பனிக்காலத்தில் நடந்துபோய்க் கேட்ட லெக்சர்

ஸ்காட்லாந்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது கெய்த்னஸ் பகுதி. அங்கே வாட்டன் என்ற கிராமத்தின் பக்கத்தில் 1810 அக்டோபரில் பெய்ன் பிறந்தார். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்த சிறு விவசாயி. வீட்டில் மொத்தம் 13 பிள்ளைகள். பெய்னோடு கூடவே பிறந்த இரட்டைச் சகோதரியும் அதில் ஒருவர். குளிர்காலத்தில் பள்ளிக்கூடம், கோடையில் ஆடு மேய்ப்பது என்றுதான் சிறுவயது போனது. படிப்பில் பெயர் வாங்கவில்லை. கையில் கிடைத்த பொருட்களை வைத்து கடிகாரம் மாதிரி செய்துகொண்டிருந்த பையன் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. அது எவ்வளவு உண்மையோ, பக்கத்து நகரமான விக்கில் ஒரு கடிகாரக் கடையில் தொழில் பழக அவரை அனுப்பினார்கள் என்பது உண்மை.

1830 ஜனவரியில் தர்சோ என்ற ஊரில் ஒளி, வெப்பம், மின்சாரம் பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவு நடந்தது. அனுமதிக் கட்டணம் ஒரு பென்னி. வட ஸ்காட்லாந்தின் ஜனவரிக் குளிரில் 20 கி.மீ.க்கும் மேல் நடந்துபோய் அதைக் கேட்டார் பெய்ன். அப்போது அவருக்கு 19 வயது.

அந்தக் காலத்தில் மின்சாரம் என்பது இன்றைக்கு நாம் நினைக்கும் மின்சாரம் இல்லை. பல்பு கிடையாது, மோட்டார் ஓடவில்லை. மின்காந்தம் வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்ததுகூட அடுத்த வருஷம்தான். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகிறது, நிறுத்தினால் காந்தம் போய்விடுகிறது என்பதே மேடையில் செய்து காட்டும் வித்தையாக இருந்த நேரம். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பெய்ன் அடுத்த பத்து வருஷம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். டிக் டிக் என்று ஆடும் பெண்டுலத்தை இந்தக் காந்தம் தள்ளிவிட முடியுமா? அதுதான் அவர் கேள்வி.

எடின்பரோவில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, 1837-ல் லண்டன் போனார். கடிகாரத் தொழிலாளிகள் நிறைந்த கிளார்க்கன்வெல் பகுதியில் கூலி வேலை. பகலில் பட்டறை, நேரம் கிடைக்கும்போது அடிலெய்ட் கேலரி, பாலிடெக்னிக் நிறுவனம் மாதிரியான இடங்களில் நடக்கும் அறிவியல் சொற்பொழிவுகள். இன்று யூடியூப் பார்த்துத் தொழில்நுட்பம் கற்றுக்கொள்பவர்கள் இருக்கிறார்களே, ஏறக்குறைய அதே வகை மாணவர்.

அவர் லண்டன் வந்த அதே 1837-ல்தான் வில்லியம் குக், சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற இருவர் மின் டெலிகிராஃபுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இதில் வீட்ஸ்டோன் சாதாரண ஆள் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர், ராயல் சொசைட்டி உறுப்பினர், நாடறிந்த விஞ்ஞானி.

பேராசிரியரைப் பார்க்கப் போன தொழிலாளி

1840-ல் பெய்னிடம் இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒன்று மின்சாரத்தில் ஓடும் கடிகாரம். இன்னொன்று செய்தியை எழுத்தாகவே அச்சடிக்கும் டெலிகிராஃப். இல்லாதது பணம். மெக்கானிக்ஸ் மேகசின் என்ற தொழில்நுட்ப இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த ஒருவர் மூலம் வீட்ஸ்டோனுடைய அறிமுகம் கிடைத்தது. அந்த ஆகஸ்ட்டில் மாதிரிகளை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினார்.

பெய்ன் தரப்பு சொல்வது இது. மாதிரிகளைப் பார்த்த வீட்ஸ்டோன், மின் கடிகாரத்தில் பெரிய எதிர்காலம் இல்லை, மேலே செலவழிக்க வேண்டாம் என்ற பொருளில் அறிவுரை சொல்லி அனுப்பினார். சுமார் மூன்று மாதம்தான் போயிருந்தது. நவம்பர் 26 அன்று ராயல் சொசைட்டியில் ஒரு மின் கடிகாரத்தைத் தன் கண்டுபிடிப்பாகச் செயல்முறை விளக்கம் கொடுத்தார் வீட்ஸ்டோன்.

ஆனா, பெய்ன் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். ஜான் பார்வைஸ் என்ற கடிகாரத் தயாரிப்பாளரோடு சேர்ந்து, அந்த அக்டோபரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். 1841 ஜனவரி 11 தேதியிட்டு அது கிடைத்தது. வீட்ஸ்டோன் ஆட்சேபித்தும் தடுக்க முடியவில்லை.

வீட்ஸ்டோன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மின்சாரத்தால் முள்ளை நகர்த்தும் டெலிகிராஃப் கருவியை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். அந்த முள்ளையே கடிகார முள்ளாக்கும் எண்ணம் அவருக்குத் தனியாகவே தோன்றியிருக்கலாம். ஜெர்மனியின் மியூனிக்கில் ஷ்டைன்ஹைல் என்ற விஞ்ஞானியும் இதே திசையில் வேலை செய்திருந்தார். ஒரே யோசனை ஒரே நேரத்தில் பலருக்கு வருவது அறிவியலில் புதுசு இல்லை. ஆனால், ஒருத்தர் காட்டியதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவர், அதே வகைப் பொருளை மூன்று மாதத்தில் தன் பெயரில் மேடையேற்றினார் என்றால், அதைச் சும்மா தற்செயல் என்று விட்டுவிடுவது கஷ்டம்.

இந்தச் சண்டை பத்திரிகைகளில் வருஷக்கணக்கில் நடந்தது. பெய்னுக்காக வாதாட ஒரு அரசு அதிகாரியும் வந்தார். தேசியக் கடன் அலுவலகத்தில் கணக்கியல் நிபுணராக இருந்த ஜான் ஃபின்லைசன், பெய்னின் கண்டுபிடிப்புகள் பற்றி 1843-ல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். பேராசிரியருக்கும் தொழிலாளிக்கும் நடந்த சண்டையில் தொழிலாளி பக்கம் நின்று அச்சில் பேச ஒருத்தர் கிடைத்தது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

தீர்ப்பு மாதிரி ஒன்று வந்தது 1846-ல். குக் முயற்சியில் உருவான எலக்ட்ரிக் டெலிகிராஃப் கம்பெனிக்கு நாடாளுமன்றச் சட்டம் மூலம் அங்கீகாரம் தேவைப்பட்டது. அந்த மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தபோது, பெய்ன் எதிர்ப்பு தெரிவித்து சாட்சியம் சொன்னார். கேட்ட பிரபுக்கள் அதை லேசில் தள்ளிவிடவில்லை. பெய்னோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டிய நிலைக்கு கம்பெனி வந்தது. மொத்தம் 10,000 பவுண்டு, கூடவே கம்பெனியில் ஒரு பொறுப்பு என்று முடிந்தது. வீட்ஸ்டோன் கம்பெனியோடு இருந்த தொடர்பை விட்டு விலகினார். ஆடு மேய்த்த பையனுக்கு 36 வயது ஆவதற்குள் கிடைத்த அந்தத் தொகை, அன்றைய கணக்கில் ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்கக் கவலையில்லாமல் இருக்கப் போதுமான பணம்.

சரி, ஃபேக்ஸ் எங்கே வந்தது?

இந்தச் சண்டைகளுக்கு நடுவில், 1843-ல். அந்தக் காப்புரிமையில் பல விஷயங்கள் சேர்ந்தே இருந்தன: மின்னோட்டத்தை உண்டாக்குவது, கடிகாரங்கள், டெலிகிராஃப் சமிக்ஞைகள். துத்தநாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் ஈர மண்ணில் புதைத்து, பூமியையே பேட்டரியாக்கும் ஏற்பாடுகூட பெய்னின் கைவேலைதான். இத்தனைக்கும் இடையில் ஒரு பகுதியாகத்தான், ஒரு பரப்பின் நகலை தூரத்தில் எடுக்கும் கருவி இருந்தது. தனியாக அதற்கு அவர் ஒரு பெயர்ப் பலகை மாட்டவில்லை.

அது எப்படி வேலை செய்யும்? ஒரு உதாரணத்தோடு ஆரம்பிக்கலாம். நீங்கள் போட்ட கோலத்தை வேறு ஊரில் இருக்கும் அக்காவுக்கு போனில் சொல்லி அப்படியே போட வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் அனுப்பக் கூடாது. என்ன செய்வீர்கள்? இருவரும் ஒரே அளவு கட்டம் போட்ட தாள் எடுத்துக்கொள்ளலாம். மேல் வரிசையில் இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக, கோடு இருக்கிறது, இல்லை, இல்லை, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. பொறுமை இருந்தால் கோலம் அந்தப் பக்கம் அப்படியே வந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்களோ, அக்காவும் அதே கட்டத்தில் இருக்க வேண்டும். அவர் ஒரு கட்டம் பின்தங்கினால் கோலம் கோணல்.

பெய்னின் கருவி இதைத்தான் செய்தது. அனுப்பும் இடத்தில் ஒரு சட்டம். அதற்குள் ஒன்றையொன்று தொடாதபடி நெருக்கமாக அடுக்கிய, மெல்லிய சின்னச் சின்னக் கம்பித் துண்டுகள், இடைவெளிகளில் அரக்கு. சட்டத்தின் பின்பக்கம் அச்சுக் கோக்கும் உலோக எழுத்துகளை வைத்து அழுத்தினால், எழுத்து தொடும் இடத்தில் இருக்கும் கம்பிகளுக்கு மட்டும் மின் இணைப்பு கிடைக்கும். முன்பக்கத்தில் ஒரு பெண்டுலம் ஆடும். அதில் பொருத்திய முனை, கம்பிகளின் நுனியைத் தடவிக்கொண்டே போகும். இணைப்பு உள்ள கம்பியைத் தொட்டால் மின்சாரம் பாயும். இல்லாத கம்பியைத் தொட்டால் பாயாது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சட்டம் ஒரு துளி கீழே இறங்கும். அடுத்த வரிசை.

வாங்கும் இடத்திலும் அதே சட்டம், அதே பெண்டுலம். பின்பக்கம் உலோக எழுத்துக்குப் பதில் ரசாயனத்தில் நனைத்த ஈரத் தாள். மின்சாரம் வந்த இடத்தில் தாளில் நிறம் மாறும். வராத இடம் வெறுமையாக நிற்கும். இப்படிப் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து எழுத்து தெரியும்.

இப்போது அந்த நிபந்தனைக்கு வருவோம். பல மைல் தள்ளி இருக்கும் இரண்டு பெண்டுலங்களும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இது டெலிகிராஃப்காரர் மூளைக்கு எட்டாத பிரச்சினை என்று இல்லை. ஆனால் கடிகாரக்காரருக்கு இது தினப்படி வேலை. லண்டனில் ஒரு பெண்டுலம், அதன் துடிப்பை மின்சாரம் வழியாக வாங்கி ஊர் முழுக்க ஓடும் கடிகாரங்கள் என்பதுதான் பெய்ன் வருஷக்கணக்காகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண்டுலம் சற்று முந்திவிட்டால் மின்காந்தம் அதைப் பிடித்து நிறுத்தி, மற்றது வந்து சேர்ந்ததும் இரண்டையும் சேர்த்து விடும்படி ஏற்பாடு செய்தார். சுருக்கமாகச் சொன்னால், நேரத்தை அனுப்பத் தெரிந்தவருக்கு, நேரத்தோடு சேர்த்து ஒரு படத்தையும் அனுப்பலாம் என்று தோன்றியிருக்கிறது.

நேரத்தை அனுப்பும் வேலையை அவர் நிஜமாகவே செய்தும் காட்டினார். எடின்பரோவில் பட்டறை வைத்திருந்த காலத்தில், 1846-ல், எடின்பரோ - கிளாஸ்கோ ரயில் பாதையோரம் போட்ட கம்பி வழியாக, எடின்பரோவில் ஆடிய பெண்டுலம் சுமார் 75 கி.மீ. தள்ளி கிளாஸ்கோவில் இருந்த கடிகாரத்தை ஓட வைத்தது. ரயில்கள் வந்த பிறகு ஊருக்கு ஊர் ஒரு நேரம் வைத்துக்கொள்வது பெரிய தலைவலியாகி, பொது நேரத்துக்கு பிரிட்டன் மாறிக்கொண்டிருந்த சமயம் அது. அடுத்த வருஷம், 1847-ல், அதே எடின்பரோவில் பிறந்தவர்தான் பிற்காலத்தில் டெலிபோன் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்.

ஃபேக்ஸ் மட்டும் பட்டறையைத் தாண்டவில்லை. காரணம் யோசித்தால் புரியும். அனுப்ப வேண்டியதை முதலில் உலோக எழுத்தில் கோக்க வேண்டும். அவ்வளவு மெனக்கெடுவதற்கு, டெலிகிராஃபில் தந்தி அடித்துவிடலாமே. கையால் எழுதியதை, கையெழுத்தை, படத்தை நேரடியாக அனுப்ப முடிந்தால்தான் இதற்கு மவுசு. அந்த வழியை 1848-ல் ஃபிரெடரிக் பேக்வெல் என்ற ஆங்கிலேயர் காட்டினார். மெல்லிய வெள்ளீயத் தகட்டில் மின்சாரம் கடத்தாத மையால் எழுதி, அதை உருளையில் சுற்றி, சுழலச் சுழல முனை தடவும்படி செய்தார். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் அந்தக் கருவி இடம்பெற்றது. தன் யோசனையைத்தான் பேக்வெல் எடுத்துக்கொண்டார் என்று பெய்ன் சண்டைக்குப் போனார். 1850-ல் மேம்படுத்திய கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பமும் போட்டார். ஆனா, பேக்வெல் கருவியிலும் ஒரு கோளாறு. இரண்டு உருளைகளும் ஒரே வேகத்தில் சுழல மறுத்தன. திரும்பவும் அதே நேரப் பிரச்சினை!

52 விநாடியில் 282 வார்த்தை

பெய்னின் கண்டுபிடிப்புகளில் உண்மையிலேயே கம்பிகளில் ஓடியது வேறு ஒன்று. 1846 டிசம்பரில் காப்புரிமை பெற்ற ரசாயன டெலிகிராஃப். அன்றைய டெலிகிராஃபில் வேகத்தைக் கட்டிப்போட்டது மனிதக் கைதான். ஒருவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். பெய்ன், செய்தியை முதலில் காகித நாடாவில் துளைகளாகப் போட்டு வைத்துக்கொண்டு, அந்த நாடாவை கருவிக்குள் வேகமாக ஓடவிட்டார். மறுமுனையில் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலில் நனைத்த நாடாவில் நீல நிறக் கோடுகளாகச் செய்தி விழுந்தது. நகரும் கரம், காந்தம் எதுவும் குறுக்கே இல்லை.

பிரான்ஸில் பாரிஸ் - லீல் நகரங்களுக்கு இடையே நடந்த சோதனையில் 282 வார்த்தைகள் 52 விநாடியில் போய்ச் சேர்ந்தன. மோர்ஸ் கருவியில் நிமிடத்துக்கு சுமார் 40 வார்த்தைகள் போய்க்கொண்டிருந்த காலம் அது. பின்னாளில் டெலக்ஸிலும் ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களிலும் ஓடிய துளை நாடாவுக்கு, தகவல் அனுப்பும் வேலையில் முன்னோடி இதுதான்.

இந்த வேகத்தை எடுத்துக்கொண்டு பெய்ன் அமெரிக்கா போனார். அங்கே காத்திருந்தவர் சாமுவேல் மோர்ஸ். பெய்னின் காப்புரிமை விண்ணப்பத்தை மோர்ஸ் தரப்பு எதிர்த்தது. காப்புரிமை ஆணையர் பெய்னுக்கு எதிராக முடிவு சொன்னார். 1849-ல் மேல்முறையீட்டில் நீதிபதி பெய்னுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதை நம்பி நியூயார்க் - பாஸ்டன் உட்பட சில வழித்தடங்களில் பெய்ன் முறையில் டெலிகிராஃப் ஓடத் தொடங்கியது. மோர்ஸ் தரப்பு விடவில்லை. 1851-ல் பிலடெல்பியா நீதிமன்றத்தில், பெய்ன் முறை மோர்ஸ் காப்புரிமையை மீறுகிறது என்று தீர்ப்பு வாங்கினார்கள். அதன் பிறகு பெய்ன் வழித்தடங்கள் ஒவ்வொன்றாக மோர்ஸ் கம்பெனிகளோடு இணைந்து கரைந்துபோயின.

வீட்ஸ்டோனிடம் ஜெயித்த காசு எங்கே போனது என்று கேட்டால், இங்கேதான். இரண்டு கண்டங்களில் வக்கீல் செலவு. லண்டனில் ஓல்ட் பாண்ட் தெருவில் மின் கடிகாரக் கடை ஒன்றும் நடத்தினார், அது காப்பாற்றவில்லை. 1852-ல் மின் கடிகாரங்களின் வரலாறு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பன்னிரண்டு வருஷம் முந்தைய சண்டை அவருக்குள் இன்னும் ஆறவில்லை என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி. காப்புரிமை என்ற காகிதம்தான் அவரைப் பேராசிரியரிடமிருந்து காப்பாற்றியது. அதே காகிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, வழக்கு மேல் வழக்காகப் போனதுதான் அவரைக் காலி செய்தது என்றும் சொல்லலாம். இருபது வருஷம் வியாபாரி ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு வேலை செய்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

பாரிஸில் ஃபேக்ஸ், கிளாஸ்கோவில் கடிகாரம் ரிப்பேர்

1865 பிப்ரவரியில் பாரிஸ் - லியோன் நகரங்களுக்கு இடையே உலகின் முதல் வணிக ஃபேக்ஸ் சேவை பொதுமக்களுக்குத் திறந்தது. செய்தவர் இத்தாலியில் சியனாவைச் சேர்ந்த பாதிரியார் ஜியோவன்னி கசெல்லி. கருவியின் பெயர் பான்டெலிகிராஃப். சுமார் 2 மீட்டர் உயர வார்ப்பிரும்புச் சட்டம், அதில் ஆடும் பெரிய பெண்டுலம். பேரரசர் மூன்றாம் நெப்போலியனே ஆர்வம் காட்டி ஆதரித்த திட்டம். கையெழுத்து, வரைபடம் எல்லாம் போகும். வங்கிப் பரிவர்த்தனையில் கையெழுத்து சரிதானா என்று ஒத்துப் பார்க்கத்தான் அதிகம் பயன்பட்டது. கசெல்லி எல்லோரையும் தடுக்கிவிட்ட அந்த நேரப் பிரச்சினையை எப்படிச் சமாளித்தார் தெரியுமா? பெண்டுலத்தின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த கருவியோடு தனியாக ஒரு கடிகாரத்தை இணைத்தார். 22 வருஷம் முன்னாடி பெய்ன் ஆரம்பித்த இடத்துக்கே விஷயம் திரும்பி வந்தது. 1870-ல் பிரான்ஸ் - பிரஷ்யா போர் வந்ததும் அந்தச் சேவை நின்றுபோனது.

பெய்ன் வாழ்க்கை அந்த வருஷங்களில் இறங்குமுகம். அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர், கடைசியில் கிளாஸ்கோவில் கூலிக்குக் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். விக் நகரில் 19 வயதில் செய்த அதே வேலை, 60 வயது தாண்டிய பிறகு. மனைவி முன்பே இறந்துவிட்டார். உடல்நிலையும் மோசமாகிக்கொண்டே வந்தது.

அவர் நிலைமை தெரியவந்ததும் சிலர் முன்வந்தார்கள். சர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு), வில்லியம் சீமென்ஸ் போன்றவர்கள். அட்லாண்டிக் கடலுக்கடியில் கேபிள் போட்ட தலைமுறை. பெய்ன் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் முயற்சியில் 1873-ல் ராயல் சொசைட்டி 150 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. 33 வருஷம் முன் வீட்ஸ்டோன் தன் கடிகாரத்தைக் காட்டினாரே, அதே ராயல் சொசைட்டி. பிரதமர் கிளாட்ஸ்டன் வருஷத்துக்கு 80 பவுண்டு அரசு ஓய்வூதியம் வழங்க ஏற்பாடு செய்தார்.

அதை அனுபவிக்க அதிக நாள் இல்லை. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிர்கின்டில்லாக் என்ற ஊரில், குணப்படுத்த முடியாத நோயாளிகளுக்கான புரூம்ஹில் இல்லத்தில் 1877 ஜனவரி 2 அன்று இறந்தார். வயது 66. கிரகாம் பெல்லுக்கு டெலிபோன் காப்புரிமை கிடைத்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஊர்க் கல்லறையிலேயே பெய்ன் அடக்கம் செய்யப்பட்டார்.

அப்புறம் ஃபேக்ஸ் என்ன ஆனது?

20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆர்தர் கோர்ன் போன்றவர்கள் ஒளியை உணரும் செலினியத்தைக் கொண்டு புகைப்படத்தையே கம்பியில் அனுப்பினார்கள். உலோக முனை தடவிய இடத்தில் ஒளி தடவ ஆரம்பித்தது. வரிசை வரிசையாகப் போவது மட்டும் மாறவில்லை. பத்திரிகைகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் ஏ.பி. செய்தி நிறுவனம் 1935 ஜனவரி 1 முதல் கம்பி வழிப் புகைப்படச் சேவை நடத்தியது. சென்னையின் தி இந்து நாளிதழ் 1969-ல் முழுப் பக்கத்தையே இந்த முறையில் வேறு ஊருக்கு அனுப்பி அச்சடிக்கத் தொடங்கியது.

அலுவலக மேஜைக்கு வந்தது 1966-ல், ஜெராக்ஸ் கம்பெனி விற்ற டெலிகாப்பியர் மூலம். எடை சுமார் 21 கிலோ, ஒரு பக்கம் போக 6 நிமிடம். 1980-ல் குரூப் 3 என்ற சர்வதேசத் தரம் வந்த பிறகு, எந்தக் கம்பெனி மெஷினும் எந்த மெஷினோடும் பேச முடிந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும் என்றானது. ஆயிரக்கணக்கான எழுத்துகளை டைப் அடிக்கத் திணறிய ஜப்பான், கையால் எழுதியதை அப்படியே அனுப்பும் இந்த மெஷினை வீடு வரைக்கும் கொண்டுபோனது. ஃபேக்ஸ் இணைப்பு கிடைத்ததும் கீ... கர்ர்... என்று ஒரு சத்தம் வருமே, அதில் பெரும்பகுதி இரண்டு மெஷின்களும் எந்த வேகத்தில், எப்படிச் சேர்ந்து ஓடுவது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் சத்தம்தான். இரண்டு பெண்டுலங்களையும் பிடித்து நிறுத்தி ஒன்றாக விட்ட பெய்னின் மின்காந்தம் செய்ததும் அதையேதான்.

இமெயில் வந்து பல வருஷம் கழித்தும் இந்தியாவில் ஃபேக்ஸ் ஒரு முறை தலைப்புச் செய்தி ஆனது. 2018 நவம்பரில் ஜம்மு காஷ்மீரில் ஆட்சி அமைக்க உரிமை கோரிய கடிதம் ராஜ்பவன் ஃபேக்ஸ் மெஷினுக்குப் போகவில்லை என்று மெகபூபா முப்தி அதை ட்விட்டரில் போட்டார். அன்று இரவே சட்டமன்றம் கலைக்கப்பட்டது.

பெய்னுக்கும் ஒரு விருது வந்தது. ஒரு படத்தை வரிசை வரிசையாகத் துருவிப் பிரித்து அனுப்பும் யோசனைதான் தொலைக்காட்சிக்கும் அடிப்படை என்பதால், அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் தொழில்நுட்ப எம்மி விருது 2016-ல் அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. இறந்து 139 வருஷம் கழித்து. கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் டெலிகாம் கட்டிடம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். வாட்டன் கிராமத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் தொழில் பழகிய விக் நகரில், ஒரு மதுக்கூடத்தின் பெயர் அலெக்சாண்டர் பெய்ன்.